பகலில் வேலை, இரவில் படிப்பு

இந்தியாவில் உயர்கல்வியில் பெயர் பதிந்திருப்பவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் கல்லூரிக்குப் போவதில்லை. 2020-21ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு மொத்த மாணவர்களை ஏறத்தாழ 4.14 கோடி என்கிறது. அதில் 45.71 லட்சம் பேர் தொலைநிலைக் கல்வியில் இருந்தார்கள், அவர்களில் 20.9 லட்சம் பேர் பெண்கள். பட்டப்படிப்பைப் பற்றிய நம் பேச்சில் இவர்கள் எங்குமே வருவதில்லை. கலந்தாய்வு, கட்-ஆஃப், விடுதி, வளாக நேர்காணல் என்று மே, ஜூன் மாதங்களில் நாளிதழ்கள் நிரப்பும் பக்கங்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானவை. இரவுப் பணி முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் காவலர், மதியச் சமையலுக்கும் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்கும் நடுவே இரண்டு பக்கம் படிக்கும் தாய், பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் குறைகிற அலுவலக உதவியாளர் ஆகியோரைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரியும் கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கரஸ்'. "ரெகுலரா, கரஸா?" என்ற கேள்வியைப் பெண் பார்க்கும் வீட்டிலும் வேலைக்கான நேர்காணலிலும் கேட்கலாம். கேட்கும் குரலிலேயே ஒரு படி இறக்கம் இருக்கும். அந்த இறக்கம் எப்படி வந்தது, அதில் எவ்வளவு நியாயம், இணையம் வந்த பிறகு அது மாறியிருக்கிறதா என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

வகுப்புக்கு வராதவருக்கும் பட்டம் உண்டு என்று முதலில் துணிந்தது லண்டன் பல்கலைக்கழகம். 1858இல் அது தன் தேர்வுகளை எங்கே, எப்படிப் படித்தவருக்கும் திறந்துவிட்டது. ஆனால் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு மட்டும் வைத்தது. படிப்பது மாணவர் பாடு. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946இல் தபால் வழியே பாடமே நடத்தத் தொடங்கியது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே சட்டப்படிப்பைத் தொடர்ந்து, 1989இல் எல்.எல்.பி. பட்டம் பெற்றது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்த டி.எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த குழு அஞ்சல் வழிப் படிப்பைப் பரிந்துரைத்தது. அதன்படி 1962இல் டெல்லி பல்கலைக்கழகம் முதல் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது. 1979இல் அண்ணாமலையும் 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. பழுப்பு உறையில் வரும் பாடக்கட்டு, ஊரில் ஏதோ ஒரு கல்லூரியில் சனி ஞாயிறில் நடக்கும் நேர்முக வகுப்பு, மே மாத வெயிலில் தேர்வு என்று ஒரு வழக்கம் உருவானது. தமிழ்நாட்டின் பள்ளி ஆசிரியர்களில், வங்கி எழுத்தர்களில், வருவாய்த்துறை ஊழியர்களில் ஒரு பெரும் பகுதியினர் தங்கள் இரண்டாவது பட்டத்தை, பலர் முதல் பட்டத்தையே, இப்படித்தான் வாங்கினார்கள்.

இதே 1971ஆம் ஆண்டின் ஜனவரியில் இங்கிலாந்தில் வேறு ஒன்று தொடங்கியது. தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் 1963இல் கிளாஸ்கோவில் பேசியபோது வானொலி, தொலைக்காட்சி வழியே நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் பற்றிச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் பிரதமரானதும், ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அமைச்சர் ஜென்னி லீயிடம் அந்தப் பொறுப்பு வந்தது. எதிர்க்கட்சியின் இயன் மேக்லியோட் அதை வெறும் பிதற்றல் என்றார். லீ ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை: உழைப்பவர்களுக்கான கல்வி என்பதற்காகத் தரம் ஓர் அங்குலமும் குறையக் கூடாது. 1969இல் அரச சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், முன்தகுதி எதுவும் கேட்கப்படாமல் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்தார்கள்.

பிபிசியில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஒளிபரப்பான அதன் பாடங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. உண்மையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர் தொலைக்காட்சியில் இல்லை. அறிவியல் மாணவர்களின் வீட்டுக்குச் சோதனைப் பெட்டிகள் வந்தன. அந்தப் பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கிகூட இருந்தது. கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் முகாம் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றாசிரியர் இருந்தார். மாணவர் எழுதி அனுப்பும் கட்டுரையை அவர் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி, மதிப்பெண் ஏன் குறைந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். பெரும்பாலும் அந்தக் குறிப்புகள்தான் பாடம். பாடப்புத்தகமும் அப்படியே: பேராசிரியர்கள், தொகுப்பாளர்கள், பிபிசி தயாரிப்பாளர்கள் சேர்ந்த ஒரு குழு, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியே படிப்பவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்து எழுதியது.

மதுரைக்கும், இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கும் மில்டன் கீன்ஸுக்கும் இடையே இருந்த வேறுபாடு இங்கேதான். இரண்டும் தபாலைத்தான் நம்பின. ஒன்று பாடத்தை அனுப்பியது. இன்னொன்று பாடத்தோடு ஆளையும் அனுப்பியது. பிற்காலத்தில் மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். தொலைநிலைக் கல்வியில் உள்ள தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவது அல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே உரையாடல் எவ்வளவு குறைவோ அவ்வளவு தொலைவு என்பது அதன் சாரம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இருநூறு பேர் அடைந்து உட்கார்ந்திருக்கும் சாதாரணக் கல்லூரி வகுப்பின் கடைசி பெஞ்சும் தொலைநிலைதான்.

இந்தியாவில் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டவர் ஜி. ராம் ரெட்டி. 1982இல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இன்றைய டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முதல் துணைவேந்தர் அவர். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும், அதாவது இக்னோவுக்கும், அவரே முதல் துணைவேந்தர். 1987இல் இரண்டே பட்டயப் படிப்புகளில் 4,528 மாணவர்களோடு இக்னோ பாடம் நடத்தத் தொடங்கியது. ஒப்படைப்புகளுக்கு 30 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம் என்று மதிப்பெண்ணைப் பிரித்ததும், மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை இழுத்துப் படிக்கலாம் என்று அனுமதித்ததும் வேலை செய்பவரின் வாழ்க்கையை அறிந்த முடிவுகள். குழந்தை பிறந்தால், இடமாற்றம் வந்தால், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஒரு பருவம் போகும், பட்டம் போகாது.

ராம் ரெட்டிக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர் தமிழர். கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த வா.செ. குழந்தைசாமி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்துவிட்டு, 1990 முதல் 1994 வரை இக்னோவை நடத்தினார். நீரியல் பொறியாளர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிஞர், எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடியவர் என்று பல முகங்கள் கொண்ட அவருடைய பங்களிப்பில் இன்னும் சரியாகப் பேசப்படாத ஒன்று உண்டு. 2001 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் தொடக்கப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. வெளிநாடுகளில் வளரும் தமிழர் இணையத்தில் தமிழ் படித்துச் சான்றிதழ் பெற ஒரு மாநில அரசு வழி செய்தபோது, நாட்டின் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இணைப்பே கிடையாது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனம், பொதுப்பணத்தில் நடக்கும் இணையவழிக் கல்விக்கு இந்தியாவின் மூத்த முயற்சிகளில் ஒன்று. அந்த முன்னோட்டத்தை வேலைக்குப் போகும் உள்ளூர்த் தமிழருக்கான பட்டப்படிப்பு வரை நீட்டாமல் விட்டது தமிழ்நாட்டுக்குப் பெரிய இழப்பு.

அடுத்த ஆண்டு, 2002இல், சட்டமன்றம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. சைதாப்பேட்டையில் இருந்து இயங்கும் அந்தப் பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பாடநூல்களை எழுதிப் பெரிய ஒரு தேவையை நிறைவேற்றியது. இக்னோவின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும். பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் புத்தகம் எடுக்கும் ஒருவருக்கு மொழியே முதல் மதில்.

இதற்குள் கரஸின் பெயர் கெட்டிருந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியை வருமான வழியாகப் பார்த்தன. ஆயிரக்கணக்கானோர் கட்டும் கட்டணம் முறைசார் துறைகளின் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் போனது. பாடநூலைத் திருத்தி எழுதவோ, விடைத்தாளின் ஓரத்தில் குறிப்பெழுத ஆள் வைக்கவோ போகவில்லை. மாநிலம் தாண்டி, சில நேரம் நாடு தாண்டி, தனியாரிடம் படிப்பு மையங்கள் கொடுக்கப்பட்டன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைச் செல்லாது என்றது. பட்டத்தை நம்பி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போனவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 வரைதான் என்று பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. விதியை மீறியது யார் என்பது ஒரு வழக்கு. ஆனால் ஏழு ஆண்டுகள் கழித்து அறிவிப்பு வரும்போது, நடுவே படித்து முடித்தவர்கள் யாரிடம் போவார்கள்? ஒழுங்குபடுத்தும் அமைப்பும் பல்கலைக்கழகமும் வழக்காடும் காலத்தில் இளமையைக் கொடுத்துப் படித்தவரின் பெயர் வழக்கில்கூட இருப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு முடிச்சும் உண்டு. திறந்தநிலை என்ற எண்ணத்தின் அடிப்படையே பள்ளியைப் பாதியில் விட்டவருக்கும் பல்கலைக்கழகக் கதவு திறப்பதுதான். ஆனால் 2009இல் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறிய பிறகு திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை மட்டுமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்போம் என்றது. தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் எவருக்கும் அந்த ஆணை மனப்பாடம். தரத்தைக் காக்கும் நோக்கம் புரிகிறது. ஆனாலும் எட்டாம் வகுப்போடு நின்று, நாற்பது வயதில் ஒரு பட்டத்தை நேர்மையாக எழுதித் தேறியவரிடம், நீ பதினாறு வயதில் செய்யாததை இப்போது செய்ததாகக் கணக்கில்லை என்று சொல்வதில் ஒரு கடுமை இருக்கிறது. தேர்வு கடினமானதா, நேர்மையாக நடந்ததா என்று பார்ப்பதே தரத்தைக் காக்கும் வழி. படித்தவர் எந்த வரிசையில் படிகள் ஏறினார் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

இந்தப் பின்னணியில் இணையம் வந்தது. 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் என்ற திட்டத்தைத் தொடங்கிப் பொறியியல் விரிவுரைகளைப் பதிவு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தன. சென்னை ஐஐடி அதன் முதுகெலும்பாக இருந்தது. 2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கிவைத்தார். காணொளி, வாசிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு என நான்கு பகுதிகள் கொண்ட பாடங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. தேர்வு நேரில், மையத்தில். இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. வீட்டில் உட்கார்ந்து எழுதும் தேர்வை யாரும் நம்பாத நாட்டில், மையத்துக்கு வந்து எழுதும் தேர்வுதான் இணையப் படிப்புக்கு மரியாதையைக் கொடுத்தது.

இலவசக் காணொளி வந்துவிட்டால் கல்வி சமமாகிவிடும் என்று பத்தாண்டுகளுக்கு முன் உலகமே பேசியது. அந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வு 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையப் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியன்டேயும் ஆராய்ந்தார்கள். பெயர் பதிந்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18இல் முழுமையாக முடித்தவர்கள் 3.13 சதவீதம். முடித்தவர்களும் பெரும்பாலும் வசதியான நாடுகளில் இருந்தவர்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிடையே முடித்தவர் விகிதம் 46 சதவீதம். கொஞ்சம் பணமும் கொஞ்சம் கெடுவும் மனிதரைப் பிடித்து நிறுத்துகின்றன என்று இதைப் படிக்கலாம். பணம் கட்டும் அளவுக்கு வாழ்க்கை ஒழுங்காக இருப்பவர்களே முடிக்கிறார்கள் என்றும் படிக்கலாம். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதுபோல் அமைந்தது சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு. நிரலாக்கமும் தரவு அறிவியலும் பாடம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு கிடையாது, வயது வரம்பு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே வரலாம். மிகச் சிலரை மட்டும் வடிகட்டி எடுப்பதற்குப் பதிலாக, இந்தப் பாடத்தைத் தாங்க முடிகிறதா என்று ஒவ்வொருவருக்கும் படித்துப் பார்க்கவே வாய்ப்புக் கொடுத்த ஏற்பாடு அது. வாராவாரம் ஒப்படைப்பு, மையத்துக்கு நேரில் வந்து எழுதும் வினாடி வினாவும் இறுதித் தேர்வும், நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் சான்றிதழோ பட்டயமோ வாங்கிக்கொண்டு வெளியேறும் படிகள், குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை என்று அமைத்தார்கள். 30,000க்கும் மேற்பட்டோர் அதில் படித்துவருகிறார்கள்.

இது நல்ல முன்மாதிரிதான். ஆனால் இதையே தீர்வு என்று சொல்லிவிட முடியாது. சலுகை இல்லாதவருக்கு முழுப் பட்டத்தின் செலவு சில லட்சத்தைத் தொடும். இக்னோவின் இளங்கலைக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் போதும். பாடம் ஆங்கிலத்தில். மடிக்கணினி வேண்டும், நிலையான இணையம் வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். கைபேசி வீட்டில் இருப்பதும் அது இரவு ஒன்பது மணிக்குத் தன் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பது பெண்களுக்குத் தெரியும். தொலைநிலை மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்களாக இருக்கும் நாட்டில், பாடம் முழுவதையும் காணொளிக்கு மாற்றி அச்சுப் பாடநூலை நிறுத்துவது முன்னேற்றம் ஆகாது. இக்னோ தன் பாடநூல்களை 'இ-ஞான்கோஷ்' என்ற களஞ்சியத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருப்பது நல்ல செயல். அதோடு தாளில் அச்சிட்டதும் தொடர வேண்டும்.

இணையவழிப் பட்டங்களுக்கான சட்ட அடித்தளம் இந்தக் காலத்தில் வேகமாக வந்துவிட்டது. 2020 செப்டம்பரில் தொலைநிலைக்கும் இணையவழிக்கும் சேர்த்து ஒரே விதித்தொகுப்பு வந்தது. 2021இல், தேறிய பாடங்களுக்கான கிரெடிட்டைச் சேமித்துவைக்கும் கல்விக் கிரெடிட் வங்கி தொடங்கியது. அதில் சேரும் கிரெடிட் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். 2022 ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு மீண்டும் உறுதிசெய்தது. "ரெகுலரா, கரஸா?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் இன்று இடமில்லை. வேலை கொடுப்பவர் மனதில் இருந்து அது போக இன்னும் காலமாகும்.

சட்டமே மூடிவைத்திருக்கும் கதவுகளும் உண்டு. மருத்துவம், செவிலியம், பொறியியல் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தத் தடை இருப்பது நியாயமே; நோயாளியின் நரம்பைக் காணொளியில் தேடிப் பழக முடியாது. சட்டப்படிப்புக்கும் அதே தடை இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. 1980இல் தொடங்கி நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் சட்டமாணிப் பட்டத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் நடத்துகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்குப் பிராந்திய நிலையங்கள் உண்டு. ஓர் அலுவலக எழுத்தரோ ஆசிரியரோ வேலையை விடாமல் தமிழில் சட்டம் படிக்க இலங்கையில் முடிகிறது, தமிழ்நாட்டில் முடியாது.

தொழில்நுட்பத்தைவிட அரசின் பணக்கொள்கை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. ஒரே திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே இணையதளம். 2012இல் இங்கிலாந்தில் மானியம் வெட்டப்பட்டுக் கட்டணம் பன்மடங்கு ஏறியது. கடன் வாங்கிப் படிக்கலாம் என்றார்கள். முப்பத்தைந்து வயதில் வீட்டுக் கடனோடும் பிள்ளைகளோடும் இருப்பவர் படிப்புக்காக இன்னொரு கடனை வாங்குவதில்லை. பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. ஸ்காட்லாந்தில் குறைந்த வருமானம் உள்ளவருக்குப் பகுதிநேரக் கட்டணத்தை அரசே கொடுத்தது. அங்கே அந்தச் சரிவு இல்லை. வேல்ஸ் 2018இல் பகுதிநேர மாணவர்களுக்கும் வாழ்க்கைச் செலவு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும் அங்கே சேர்க்கை ஏறியது. படிக்கும் ஆசை மூன்று நாடுகளிலும் ஒன்றுதான்.

பாதியில் விடுபவர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தே நிறைய வந்திருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய ஆர்மண்ட் சிம்ப்சன் ஓர் எளிய முயற்சியைச் செய்துபார்த்தார். விட்டுவிடக்கூடிய நிலையில் இருப்பவர்கள் என்று கணிக்கப்பட்ட மாணவர்களுக்குப் பாடம் தொடங்கும் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பு. சேர்ந்ததற்கு வாழ்த்து, எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற கேள்வி, சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடலாம் என்ற தகவல், அவ்வளவுதான். நிலைத்தவர்கள் விகிதம் சில சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஒருவர் கூப்பிட்டுப் பேசியது அந்த அளவுக்கு வேலை செய்தது. செலவோ, தக்கவைத்த மாணவரால் திரும்ப வரும் வருமானத்தைவிடக் குறைவு.

இதைத் தமிழ்நாட்டில் செய்ய எது தடை என்று கேட்கலாம். ஆள் தடை. ஒப்படைப்பைத் திருத்துபவருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை. அவரோ ஏற்கனவே ஒரு கல்லூரியில் முழுநேர வேலையில், அல்லது மணிநேரச் சம்பளத்தில் இருப்பவர். அவருக்குக் குறிப்பெழுத நேரமும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேறிவிட்டு நிரந்தர வேலையின்றிக் கௌரவ விரிவுரையாளர்களாகக் காலம் தள்ளும் ஆயிரக்கணக்கானோர் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு இருபத்தைந்து அல்லது முப்பது தொலைநிலை மாணவர்கள் என்று ஒப்படைத்து, திருத்துவதற்கும் மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுவதற்கும் மதிப்பான ஊதியம் கொடுத்தால், படித்தவர் வேலையில்லாமல் இருப்பதற்கும் படிப்பவர் ஆளில்லாமல் இருப்பதற்கும் ஒரே செலவில் வழி பிறக்கும். காணொளிக் கூடங்களுக்கும் கற்றல் மென்பொருளுக்கும் ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல.

இன்னொரு தடை நேரம். இணையத்தில் பாடத்தை நள்ளிரவிலும் பார்க்கலாம். தேர்வை நள்ளிரவில் எழுத முடியாது. ஜூன், டிசம்பர் தேர்வுகள் வாரநாட்களிலும் விழுகின்றன. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் பின்னலாடை நிறுவனத்தில் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் ஒரு தேர்வு நாள் என்பது ஒரு நாள் கூலி. ஐந்து தாள் என்றால் ஐந்து நாள் கூலியும் மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பும். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு என்பதும் அலுவலக ஊழியரை மனதில் வைத்த ஏற்பாடு. கடைத்தெருவில் வேலை செய்பவருக்கு ஞாயிறுதான் மும்முரமான நாள். அரியர் விழுவதற்குப் பாடம் கடினமாக இருப்பது மட்டும் காரணமல்ல. பலர் தேர்வுக்கே போக முடிவதில்லை.

உலகம் இதற்கு ஒரு வழியை அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இல் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கான உடன்படிக்கையை, 140ஆம் எண்ணில், நிறைவேற்றியது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளி ஆண்டுக்கு ஐந்து நாள் கல்விக்காகச் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கச் சட்டமே உரிமை கொடுக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. இங்கே அரசு ஊழியர் ஒருவர் கரஸில் சேர முதலில் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் தேர்வுக்குத் தன் சொந்த விடுப்பைத்தான் செலவிட வேண்டும். தமிழ்நாடு அரசு நினைத்தால் இதை ஓர் அரசாணையில் மாற்ற முடியும்: அங்கீகாரம் பெற்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தன் ஊழியர்களுக்கும், ஒப்பந்தப் பணியாளர்களுக்கும், அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களுக்கும் நுழைவுச்சீட்டைக் காட்டினால் தேர்வு நாட்களில் ஊதியத்துடன் விடுப்பு. தனியார் கடைகளுக்கும் ஆலைகளுக்குமான சட்டத்தில் அதே விதியைச் சேர்ப்பது அதன் பிறகு எளிதாகும். தேர்வுகளைச் சனி, ஞாயிறோடு இன்னொரு வாரநாளிலும் வைத்து, மாணவர் தனக்கு ஏற்ற நாளைத் தேர்ந்தெடுக்க விடுவது பல்கலைக்கழகங்கள் அரசாணைக்குக் காத்திருக்காமல் அடுத்த பருவத்திலேயே செய்யக்கூடிய வேலை.